மானியத்துக்கு முந்திய மூலதனம்: டிரெஸ்டன் நகரின் சில்லுத் தொழில்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 2024 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம் தன் முதல் ஐரோப்பிய ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. திட்டச் செலவு 1,000 கோடி யூரோவுக்கும் மேல். அதில் 500 கோடி வரை அரசு மானியம். போஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி ஆகியவற்றுக்குத் தலா 10 விழுக்காடு பங்கு. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள், பணம் கொட்டியதால் வளர்ந்த நகரம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிரெஸ்டனின் அறுபது ஆண்டு வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

கதை 1961இல் கிழக்கு ஜெர்மனியில் தொடங்குகிறது. போருக்குப் பின் சோவியத் அணுத் திட்டத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த இயற்பியலாளர் வெர்னர் ஹார்ட்மன், அந்த ஆண்டு டிரெஸ்டனில் நுண்மின்னணு ஆய்வகம் ஒன்றை நிறுவினார். நாட்டின் சில்லுத் தொழிலுக்கு வித்திட்ட அவரையே உளவுத்துறை சந்தேகித்தது. 1974இல் பதவி பறிபோனது. அந்த அநீதிக்குப் பிறகும் அவர் உருவாக்கிய ஆய்வுமரபு அறுந்துபோகவில்லை.

1988 செப்டம்பரில் டிரெஸ்டன் பொறியாளர்கள் உருவாக்கிய ஒரு மெகாபிட் நினைவகச் சில்லின் மாதிரி கிழக்கு ஜெர்மனித் தலைவர் எரிக் ஹோனெக்கரிடம் அளிக்கப்பட்டது. ஜப்பானில் அத்தகைய சில்லு ஏற்கெனவே பெருமளவில் உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. பொருளாதாரக் கணக்கில் இது தோல்விதான். ஆனால் மேற்குலகின் ஏற்றுமதித் தடைக்கு நடுவே, வேண்டிய கருவி கிடைக்காத நிலையில், கிடைத்ததைக்கொண்டு சில்லு செய்யப் பழகிய ஒரு தலைமுறை அங்கே உருவாகியிருந்தது. இந்த ஆதாயம் எந்த வரவுசெலவுக் கணக்கிலும் ஏறவில்லை.

1990இல் ஜெர்மனி இணைந்தபின் பழைய அரசு நிறுவனங்கள் சரிந்தன. வேலையிழந்து நின்ற அந்தப் பொறியாளர்களும், டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும்தான் நகரின் எஞ்சிய சொத்து. 1993இல் சீமென்ஸ் இங்கே ஆலை அமைக்க முடிவெடுத்தது. 1995இல் அமெரிக்கச் சில்லு நிறுவனமான ஏஎம்டியும் இந்நகரைத் தேர்ந்தது. சாக்சனி மாநிலம் மானியம் தந்தது உண்மையே. மானியம் தர வேறு இடங்களும் இருந்தன. பயிற்சிபெற்ற ஆட்கள்தாம் எல்லா இடத்திலும் இல்லை. 300 மில்லிமீட்டர் சிலிக்கான் வில்லைகளில் சில்லு செய்யும் முறை உலகிலேயே முன்னதாகத் தேறியதும் இங்கேதான்.

பெரிய சோதனை 2009இல் வந்தது. நினைவகச் சில்லு தயாரித்த கிமோண்டா நிறுவனம் திவாலாகி, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2011இல் அதன் தூய அறைகளையும் கருவிகளையும் இன்ஃபினியான் வாங்கி, மின்திறன் சில்லுகளுக்கு மாற்றியது. ஒரே தொழிலில் பல நிறுவனங்கள் அருகருகே இருந்ததால், ஒன்று வீழ்ந்தபோது அதன் திறமை ஊரைவிட்டு முற்றாக வெளியேறவில்லை.

இதே நாட்டின் மாக்டபுர்க் நகரை இங்கே ஒப்பிட்டாக வேண்டும். அங்கே இன்டெல் 3,000 கோடி யூரோவில் ஆலை கட்டுவதாக இருந்தது. அரசு ஏறத்தாழ 1,000 கோடி, அதாவது டிரெஸ்டனுக்குக் கொடுத்ததைப் போல் இருமடங்கு, தருவதாக உறுதியளித்தது. 2024இல் தள்ளிவைக்கப்பட்ட திட்டம் 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. இன்டெலின் சொந்த நட்டமே முதன்மைக் காரணம். மாக்டபுர்க்கைக் குறைசொல்வது நியாயமாகாது. எனினும் ஒரே நிறுவனத்தை நம்பிய திட்டம், அந்த நிறுவனம் பின்வாங்கியதும் முழுதாகவே நின்றுபோனது.

டிரெஸ்டனுக்கு இன்றுள்ள கவலை பணமல்ல, ஆள் பற்றாக்குறை. ஹார்ட்மன் காலத்து மரபில் பயின்றவர்கள் ஓய்வுபெற்றுவருகிறார்கள். அந்த இடத்தை நிரப்ப, டிஎஸ்எம்சி ஆலைக்கு அடிக்கல் நாட்டுவதற்குச் சில மாதங்கள் முன்பே, சாக்சனியின் பல்கலைக்கழக மாணவர்களில் முதல் அணி பயிற்சிக்காகத் தைவான் சென்றிருந்தது.