கப்பலுக்கு ஆழம் காவல், புறாத்தீவுக்கு யார்?

பெருநாள் முடிஞ்சா கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கமிருந்து வேன்கள் வடக்கே கிளம்பும். பாசிக்குடா, திருகோணமலை, நிலாவெளி, அங்கிருந்து படகில் புறாத்தீவு. நம்மட ஊர்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆனால் மட்டக்களப்பைத் தாண்டும்போது வலப்பக்கக் கடலுக்கடியில் ஒரு போர்க்கப்பல் கிடக்கிறது என்பதைப் பற்றி வேனுக்குள் பேச்சு வருவதில்லை. அந்தக் கப்பலையும் அந்தத் தீவையும் சேர்த்துப் பார்த்தால், நம்மட கடலின் வரலாறு வேறு மாதிரித் தெரியும்.

முதலில் கப்பல். 1942 ஏப்ரல் 9. அப்போது அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இல்லை. 1961 வரை நாமும் மட்டக்களப்பு மாவட்டம்தான். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. தாக்குதல் வரப்போவது தெரிந்து, முந்தின இரவே ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பல் துறைமுகத்தை விட்டுத் தெற்கே வந்திருந்தது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. மட்டக்களப்புக் கடலில் ஜப்பானியர் அதைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 40 குண்டுகள் பட்டு மூழ்கியது. கப்டன் உட்பட 307 பேர் இறந்தார்கள். 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் 600 பேரளவில் காப்பாற்றியது.

மணல் அடியில் அவ்வளவு பெரிய இரும்பு விழுந்தால், அது பாறை மாதிரி ஆகிவிடும். மென்பவளமும் கடற்பஞ்சும் ஒட்டிக்கொள்ளும், சின்ன மீன்கள் ஒளிய இடம் தேடி வரும், அவற்றின் பின்னால் கலவா, பாரை, சீலா வரும். இன்று ஹெர்மிஸ் சுழியோடிகள் தேடி வரும் இடம். ஆனால் எல்லோராலும் அங்கு இறங்க முடியாது. பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்கு வழக்கமான எல்லை 40 மீற்றர். கப்பல் அதற்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் கூடி, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரையும். அவசரமாக மேலே வந்தால் அது குமிழியாகி ஆளையே முடக்கிவிடும். சில நிமிஷம்தான் பார்க்கலாம், பிறகு நின்று நின்றுதான் ஏறவேண்டும். ஆகவே அங்கே கூட்டம் சேராது.

புறாத்தீவின் கதை நேர்மாறு. நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர். மாடப்புறாக்கள் தங்குவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அது சுட்டுப் பழகும் இடம். 1963இல் சரணாலயம் ஆனது. 2003இல், யுத்தநிறுத்த காலத்தில், தேசியப் பூங்கா ஆனது. 2009இல் யுத்தம் முடிந்ததும் பாதைகள் திறந்தன, சனம் வந்தது. இடுப்பளவு தண்ணியிலேயே முருகைக்கல், ஆமை, செட்டை நுனி கறுத்த சுறா. மூச்சுக்குழாயும் கண்ணாடியும் இருந்தால் போதும்.

பிரச்சினையும் அங்கேதான். முருகைக்கல் கல் இல்லை, உயிர். கிளை விடும் வகை வருஷத்துக்குச் சில சென்ரிமீற்றர் வளரும். உருண்டைப் பாறை வகை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். பல வருஷம் வளர்ந்த கிளை, ஒரு ஆள் செல்ஃபி எடுக்க ஏறி நின்றால் ஒரு நொடியில் உடையும். அது உடைந்தால் அதுக்குள்ள ஒளியிற மீன் குஞ்சுக்கும் இடம் இல்லை.

ஆக, குண்டு போட்டு அழித்த கப்பலில் உயிர் பெருகுகிறது. சட்டம் போட்டுக் காத்த தீவில் உயிர் மிதிபடுகிறது. வர்த்தமானி அறிவித்தல் மட்டும் கடலைக் காப்பாற்றாது என்பதுதான் இதில் நாம் படிக்கிற பாடம். கப்பலைக் காத்தது சட்டம் இல்லை, மனுசன் எட்டாத ஆழம்.

அப்போ தீவை மூடிவிடலாமா? அப்படிச் சொல்வது நமக்குச் சுகம். நிலாவெளியில் படகோட்டிப் பிழைக்கிற குடும்பங்களுக்கு இல்லை. கடலைப் பார்க்காத ஆளுக்குக் கடல் மேல் அக்கறையும் வராது. நாள் ஒன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு, இறங்க மணல் பாதை, இறங்குமுன் பத்து நிமிஷ விளக்கம் - இவைதான் நாம் கேட்கவேண்டியவை. நம்மட பங்கு அதைவிட லேசு: நீந்தத் தெரியாட்டி ஜக்கெட் போட்டு மிதப்போம், முருகைக்கல்லில் கால் ஊன்றாமல் இருப்போம், சுறாவைத் துரத்தாமல் பார்ப்போம்.

ஹெர்மிஸை ஆழம் பார்த்துக்கொள்ளும். புறாத்தீவுக்கு அந்த ஆழம் இல்லை, போய் வருகிற நாம்தான் இருக்கிறோம்.