கயாக் துடுப்பு: பலம் கையில் இல்லை

2012 இல் ஆப்கானிஸ்தானில் நிலத்தில் புதைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து, அவுஸ்திரேலிய இராணுவத்தின் பொறியியல் பிரிவைச் சேர்ந்த கேர்ட்டிஸ் மெக்ராத் இரு கால்களையும் இழந்தார். 2016 ரியோ பராலிம்பிக்கில் 200 மீற்றர் கயாக் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். பராலிம்பிக்கில் கயாக் முதன்முதலாக இடம்பெற்றதும் அந்த ஆண்டில்தான்.

கண்ணிவெடியாலும் ஷெல் வீச்சாலும் அவயவங்களை இழந்த பலர் வாழும் நமது வடக்கு, கிழக்கில் களப்புகளுக்குக் குறைவில்லை. கயாக் ஓட்டுவதற்குக் கால்கள் இரண்டும் இருக்கவேண்டும் என்றில்லை. துடுப்பு முறை சரியாக இருக்கவேண்டும்.

துடுப்பு வலிக்கும் முறை

கயாக், ஆர்ட்டிக் பிரதேச இனுயிட் மக்கள் வேட்டைக்காகத் தோலால் செய்த ஒடுங்கிய படகு. அதன் துடுப்புக்கு இரு முனைகளிலும் தட்டு உண்டு.

துடுப்பைத் தலைக்கு மேலே தூக்குங்கள். முழங்கைகள் ஏறக்குறைய 90 பாகையில் மடியும் அகலத்தில் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு நோகும்.

நிமிர்ந்து இருங்கள். வலப்பக்கம் வலிப்பதானால் வலத்தோள் முன்னே வரும்படி உடம்பைத் திருப்பி, பாதத்துக்கு நேராக, படகை ஒட்டியபடி தட்டு முழுவதையும் நீரில் இறக்குங்கள். வலக்காலால் பாதந்தாங்கியை உதைத்தபடி உடம்பை மறுபக்கம் திருப்புங்கள். தட்டு இடுப்புக்கு நேரே வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னும் இழுத்தால் தட்டு நீரைத்தான் தூக்கும். படகு வேகம் குறைந்து திசை மாறும்.

புதியவர்கள் எல்லோரும் கையால்தான் இழுப்பார்கள். கைத்தசை சிறியது, விரைவில் களைத்துவிடும். முதுகு, வயிற்றுத் தசைகள் பெரியவை, நீண்ட நேரம் தாங்கும். நீரில் ஊன்றிய கம்பத்தைப் பிடித்துப் படகை அதனருகே கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டால் முறை பிடிபடும்.

கற்றுக்கொடுப்பவருக்கு

முதல் பாடம் தரையில். பழகுபவரை இருத்தி, கையில் ஒரு தடியைக் கொடுத்து உடம்பைத் திருப்பப் பழக்கலாம். நீரில் இறங்கிய பின், முழங்கைகளை மடிக்காமல் சிறிது நேரம் வலிக்கச் சொல்லுங்கள். அப்போது உடம்பு தானாகவே திரும்பும். முன்னால் நின்று உயிர்காப்பு அங்கியின் நடுவைக் கவனியுங்கள். அது இடமும் வலமும் திரும்பாவிட்டால் அவர் கையால்தான் இழுக்கிறார். ஒரு தடவையில் ஒரு பிழையை மட்டும் திருத்துங்கள்.

அவயவம் இழந்தவர்களுக்கு

பாதம் இல்லாதவருக்கு உதைக்க இடமில்லை. எஞ்சிய காலும் இடுப்பும் அசையாமல் பொருந்தும்படி இருக்கையில் நுரைத்திண்டு வைக்கவேண்டும். அந்தப் பிடிமானம் இல்லாவிட்டால் உடம்பைத் திருப்பும் பலம் படகுக்குப் போய்ச் சேராது.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு உயர்ந்த முதுகுத்தாங்கி தேவைப்படலாம். உணர்வற்ற பகுதியில் அழுத்தப்புண் வராதபடி மெத்தை அவசியம். கரைக்கு வந்ததும் தோலைப் பரிசோதிக்கவேண்டும். பட்டி கட்டினால் அது ஒரே இழுப்பில் கழலவேண்டும். ஆழத்துக்குப் போகுமுன், உதவியாளர் அருகில் நிற்க, ஆழம் குறைந்த நீரில் படகு கவிழ்ந்தால் வெளியே வருவதைப் பழகவேண்டும்.

போட்டிகளில் உடம்பின் இயக்கத்தைப் பொறுத்து மூன்று பிரிவுகள் உண்டு. உடம்பையும் கால்களையும் அசைக்க மிகவும் சிரமப்படுபவர்கள் முதலாம் பிரிவு. மெக்ராத் வென்றது இரண்டாம் பிரிவில்.

நீருக்குப் பயந்தால்

கிளாலியையும் நந்திக்கடலையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குக் களப்பு விளையாட்டு மைதானமாகத் தெரியாமல் இருக்கலாம். பயந்த உடம்பு விறைத்துவிடும். விறைத்த உடம்பு திரும்பாது, கை மட்டுமே இழுக்கும். எனவே அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாள் கரையோரத்தில் கட்டிவைத்த படகில் சற்று நேரம் இருந்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனால், அன்றைய பாடம் அதுதான்.