நம் காலடியில் இருந்த கடல்



ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி, வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். நாள்கணக்கில் நடந்து, கடைசியில் கடலைக் கண்டதும் பிள்ளைகள் ஓடிப்போய் அலையில் கால் நனைக்கிறார்கள். "நம்ம ஊருல கடல் இல்லையே" என்று ஏங்குகிறார்கள். ஆனால் நம் ஊரிலும் ஒரு காலத்தில் கடல் இருந்தது. இன்று அதைப் பற்றிச் சிந்திப்போம்.

ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், ஒன்றாய் இருந்த பெரிய தென்கண்டம் உடைந்து, இந்தியா தனியே விலகிக்கொண்டிருந்தது. அப்போது கிழக்கே தாழ்ந்த நிலத்தில் கடல் புகுந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் பகுதி அந்தக் கடலின் கரையும் அடித்தளமுமாய் இருந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. சிப்பியும் சங்கும் சேறும் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகின. நாம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் அதுதான்.

இதற்குச் சாட்சிகள் நம் வயல்வெளியிலேயே உண்டு. காரை அருகே மழை அரித்த மண்மேடுகளில் சுறாப் பல்லும், ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கும் நீளமான மரம் ஒன்று கல்லாய்க் கிடக்கிறது. கரையோரம் வளர்ந்த அந்த மரம் கடலில் விழுந்து, சேற்றில் புதைந்து கல்லானது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதைக் கண்டறிந்தார். கடல் பின்வாங்கிய காலத்து ஆற்றுமணலில், கல்லமேட்டில், டைனோசர் எலும்புகளும் கிடைத்தன.

உலகம் இதை எப்போதோ அறிந்துகொண்டது. 1840-களிலேயே கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் இப்பகுதிப் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். 1860-களில் பிளான்ஃபோர்டு இங்குள்ள பாறைகளை ஆராய்ந்து எழுதினார். ஸ்டோலிச்கா இங்குள்ள உயிரினங்களை ஒவ்வொன்றாக விவரித்தார். இன்றும் நிலவியல் மாணவர்கள் தூர ஊர்களிலிருந்து பஸ் பிடித்து இங்கே வருகிறார்கள். நாமோ அந்தப் பாறைமேல் ஆடு மேய்த்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

அந்தக் கடல் நமக்குச் சோறும் போடுகிறது. 1939-இல் பக்கத்துக் கல்லக்குடியில் சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு அரியலூரைச் சுற்றிப் பல ஆலைகள் வந்தன. நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் சுரங்கத்திலும் லாரியிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறோம். அந்த வேலையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லோடு சிப்பியும் சங்கும் சேர்ந்து அரைபடுகின்றன. நெல்லை அறுத்தால் அடுத்த போகத்துக்கு மறுபடி விதைக்கலாம். பத்துக் கோடி ஆண்டுப் படிவத்தை மறுபடி விதைக்க முடியாது.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். வயலிலோ ஓடையிலோ சுருள்கல், பல், எலும்பு போன்ற எதுவும் கண்ணில் பட்டால், காசுக்குக் கொடுத்துவிடாமல் பள்ளி ஆசிரியரிடம் காட்டுவோம். விடுமுறையில் ஒருநாள் பிள்ளைகளை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் சாத்தனூருக்கும் அழைத்துப்போவோம். சுரங்கம் பற்றி ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், வேலையும் தண்ணீரும் கேட்பதோடு, படிவம் நிறைந்த இடங்களில் கொஞ்சமாவது விட்டுவைக்கும்படியும் கேட்போம்.

திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது 1995-இல். அதிலிருந்து அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது 2007-இல். நாம் போட்ட எல்லைகளின் வயது அவ்வளவுதான். இந்த மண் நமக்கு முன்பே இருந்தது. நமக்குப் பின்னும் இருக்கும். நடுவில் கொஞ்சக் காலம் இது நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை வேளாங்கண்ணியில் கால் நனைக்கும்போது பிள்ளைகளிடம் சொல்வோம்: இந்தக் கடல் ஒரு காலத்தில் நம் வீட்டு வாசல்வரை வந்திருந்தது என்று.