கிணறும் மௌனமும்

தில்லி லாஜ்பத் நகரிலும் ராஜேந்திர நகரிலும் நம்மவர் பலர் குடியிருந்த தெருக்கள், 1947 பிரிவினையில் அகதிகளாய் வந்தோர்க்கென எழுந்தவை. விட்டுவந்த வயலையும் வாசலையும் அம்முதியோர் ஓயாது பேசக் கேட்டிருக்கிறோம். கவர்ந்து செல்லப்பட்ட பெண்டிரைப் பற்றி ஒரு சொல்லும் கேட்டதில்லை.

1947 மார்ச்சில், இராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா என்னும் சிற்றூரில், சீக்கியப் பெண்டிர் பலர் மானம் காக்கக் கிணற்றில் குதித்து மாண்டனர். அவர்கள் தியாகிகளெனப் போற்றப்பட்டனர். அனைவரும் தாமே விரும்பித்தான் குதித்தனரா என வினவுவார் அரியர். உயிரோடு மீண்டவர் நிலையோ வேறு. அவர்களை ஏற்றுக்கொள்ளுமாறு காந்தியடிகளும் நேருவும் குடும்பத்தாரை வேண்ட நேர்ந்தது. சீதையைத் தீக்குளிக்கச் செய்த கதை வழங்கும் நாட்டில் இது வியப்பன்று! கடத்தப்பட்டோரை மீட்க வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டமும் அப்பெண்களின் விருப்பத்தைக் கேட்கவில்லை.

அடிபட்ட சமுதாயம் தன் பெண்டிர்மீதே காவலை இறுக்குகிறது என்பது நம் துணிபு. குடும்ப மானம் பெண்ணுடலில் உறைகிறது என்ற எண்ணமே அவர்களைக் கிணற்றுக்குத் துரத்தியது. அவ்வெண்ணத்தை மறுத்தால் மாண்ட தாயை இழிவுபடுத்தியதாகுமோ என்ற அச்சம், பேரப்பிள்ளைகளின் வாயையும் அடைத்தது. ஊர்வசி புட்டாலியா போன்றோர் அக்கதைகளைக் கேட்டு நூலாக்கியது 1998இல்; அதற்குள் சொல்லவேண்டியவர் பலர் மறைந்துவிட்டனர்.