கண்ணாடிக் குடுவையில் தட்டைப்புழு

வீட்டிலே கடல்நீர்த் தொட்டி வைத்து உயிருள்ள முருகைகளை வளர்ப்போர் தட்டைப்புழு என்றதும் நடுங்குவர். புதிதாக வாங்கிய ஒரு துண்டு முருகையோடு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வந்துவிடும் அது, சில வாரங்களிற் கல்லெங்கும் படர்ந்து, ஆண்டுக்கணக்காகப் பேணி வளர்த்த தொட்டியைப் பாழாக்கிவிடும். இதனைத் தற்காலத்துப் பொழுதுபோக்கின் தொல்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், எங்கள் கடலின் தட்டைப்புழுவை ஒருவர் உயிரோடு வைத்துப் பார்த்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. அவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட்.

1819இல் இலங்கையிற் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, இராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தவர் கெலார்ட். இலங்கையின் விலங்குகளைப் பற்றிய அவரது நூல் 1852இல் வெளிவந்தது. திருகோணமலையில் இருந்த காலத்தில் அவர் கவனம் கடலின் பக்கம் திரும்பியது. இங்கிலாந்தில் அப்போது கடல்நீர்த் தொட்டி மோகம் தலைக்கேறியிருந்தது. 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி கொஸ் அதைப் பற்றிய நூலொன்றை எழுதினார். அங்கே அது சீமான்களின் வரவேற்பறை அலங்காரம். கெலார்ட்டுக்கோ அது ஆய்வுக் கருவி. தட்டைப்புழுவைச் சாராயத்திற் போட்டுப் பாதுகாப்பது எளிதன்று. சுருங்கும், சிதையும், நிறம் போய்விடும். உயிரோடிருக்கும்போதே பார்த்து வரைந்தாக வேண்டும். அவர் அப்படித் திரட்டியவை வீண்போகவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின், 1876இல், கத்பர்ட் கொலிங்வூட் வெளியிட்ட 31 வகைத் தட்டைப்புழுக்களின் விவரணத்தில் ஒரு பகுதி திருகோணமலையிற் கெலார்ட் சேகரித்தவையே.

1857ஆம் ஆண்டையொட்டி முத்துச்சிப்பியின் இயல்பை ஆராயும் பொறுப்பு அரசாங்கத்தால் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்விடத்தில் ஒரு சிறு இடைச்செருகலை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். அதே 1857இல்தான் வட்டுக்கோட்டைச் செமினரியின் பழைய மாணவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய அச்செமினரி, இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1855இல், மூடப்பட்டிருந்தது. அராலிக் கடனீரேரி கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தப் பள்ளி இன்னும் சில ஆண்டுகள் நீடித்திருந்தால், கெலார்ட்டுக்கு ஓர் உதவியாளராவது அங்கிருந்து கிடைத்திருக்கக்கூடும் என்று நான் நினைப்பதுண்டு. வட்டுக்கோட்டைக்கு விஞ்ஞானம் மீண்டும் வந்தது பின்னாளில். 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதன் விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியது யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த அவ்விடத்தில்தான்.

கெலார்ட் சிப்பிகளை நீரில் வைத்து அவதானித்து, அவை ஒட்டிய இடத்தை விட்டுப் பிரிந்து நகர்ந்து வேறிடத்தில் ஒட்டக்கூடியவை என்று காட்டினார். அதனிலும் பெரிது அவரும் சுவிற்சர்லாந்து விலங்கியலாளர் ஹம்பர்ட்டும் கண்டது: சிப்பியின் உடலுக்குள் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருந்தன, முத்து உருவாவதில் அவற்றுக்குப் பங்குண்டு என அவர்கள் கருதினர். அதை மேலும் துருவ அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 1860இல் இங்கிலாந்து நோக்கிய கடற்பயணத்தில் காலமானார்.

நாற்பதாண்டுகள் கழிந்தன. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெலுடன் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆராய வந்தார். சிப்பியிலுள்ள புழு, நாடாப்புழு ஒன்றின் குடம்பி என்றும், நல்ல முத்துக்கு அதுவே கருவென்றும் அவர்கள் முடிவு கட்டினர். நாடாப்புழுவும் தட்டைப்புழுக் குடும்பத்ததே என்பதை மறந்துவிடலாகாது. சிப்பியைக் கிளாத்தி தின்ன, கிளாத்தியைத் திருக்கை தின்ன, திருக்கையின் குடலிற் புழு முதிர்ச்சியடைகிறதென்பது அவர்களது கணக்கு. இதன்படி பார்த்தால், புழு பெருகினால் முத்தும் பெருக வேண்டும்!

1905இல் மரிச்சுக்கட்டிக் கரையில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் குவிந்தன. இந்தப் பெருவிளைச்சலின் மயக்கத்தில் 1906இல் ஒரு கம்பனி, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபதாண்டுகளுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. கம்பனிக்கென ஒரு கடல் உயிரியலாளரும் அமர்த்தப்பட்டார். 1907ஆம் ஆண்டுக் குளிப்போடு பார்கள் வெறுமையாயின, கம்பனியும் நிலைக்கவில்லை. 1912இல் லிஸ்ரர் ஜேம்சன், இலங்கை முத்துக்களுக்கு நாடாப்புழுவைக் காரணமாகக் காட்டிய கொள்கையையே மறுத்து எழுதினார். சிப்பியின் மென்தோற் கலங்கள் உள்ளே இடம்பெயர்ந்து பையாக வளர்ந்து முத்தைச் சுரக்கின்றன என்பதே இன்றைய விளக்கம். புழு அதற்குக் கட்டாயமன்று.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். அங்கே பெருந்தொல்லை தருபவை இரண்டு. முதலாவது, செம்பழுப்பு நிறத்தில் வால்போன்ற மூன்று பிரிவுகளோடு சில மில்லிமீற்றரே நீளமுள்ள கொன்வொலூட்ரிலோபா. அது அரும்பிப் பெருகுவதால் ஒன்றே போதும். அதைத் தட்டைப்புழு என்று அழைத்தாலும், இன்றைய வகைப்பாட்டில் அது வேறொரு கூட்டத்தைச் சேர்ந்தது. அதற்கு ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான லெவமிசோல் ஊற்றுவோர் உண்டு. ஆபத்து மருந்தில் இருப்பதிலும் பார்க்கப் புழுவின் சாவில்தான் அதிகம்: ஒரேயடியாகச் செத்தால் அதன் உடலிலுள்ள நஞ்சு நீரிற் கலந்து மீன்களும் மாளும். ஆதலால் முதலிற் குழாய் வைத்து உறிஞ்சி இயன்றவரை வெளியேற்ற வேண்டும், பிறகே மருந்து, உடனே நீர் மாற்றமும் கரி வடிகட்டலும்.

மற்றது கொம்புமுருகையைத் தின்னும் அமகுசபிளானா அக்குரொப்போரே. அது முருகையின் நிறத்தோடு நிறமாகக் கிடப்பதால், வெளிறிய கடிவட்டங்களைக் கண்ட பின்னரே ஆள் இருப்பது தெரியும். மருந்து கரைத்த நீரில் முருகையைத் தோய்த்து அலசினாற் புழு உதிரும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது. அடிப்பகுதியின் செத்த ஓட்டில் ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுரண்டியெடுத்து, பொரிப்பவற்றைப் பிடிக்கத் தோய்ப்பை வாரந்தோறும் பல தடவை தொடர வேண்டியிருக்கும். புதிய துண்டைத் தனித் தொட்டியில் ஒதுக்கிவைத்த பின் சேர்ப்பவருக்கு இந்தப் பாடில்லை.

இந்தப் புழுவுக்கு அறிவியற் பெயர் கிடைத்தது 2011இல். அதற்கும் தொட்டிகளிலிருந்து பெற்ற மாதிரிகளே ஆதாரம். அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாரில் அது இயற்கையாக வாழ்வது அதன் பின்னரே கண்டறியப்பட்டது.