ஈட்டி மரமும் ஆறு தந்திகளும்

லியோ ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். 1950-இல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த, உள்ளே குடைவு இல்லாத திடமரக் கிட்டாருக்கு பிராட்காஸ்டர் என்று பெயர். அதே உச்சரிப்பில் எங்களுக்கு ஏற்கனவே டிரம்ஸ் இருக்கிறது என்று கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபித்தது. ஃபெண்டர் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அச்சடித்து வைத்திருந்த ஸ்டிக்கரில் மாடல் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு, 'ஃபெண்டர்' என்ற பெயரோடு கிட்டாரை விற்றார்கள். 1951-இல் டெலிகாஸ்டர் என்ற புதுப்பெயர் ஒட்டப்படும் வரை இப்படித்தான் ஓடியது. அந்தச் சில மாதத்துச் சரக்கை இன்று சேகரிப்பாளர்கள் 'நோகாஸ்டர்' என்று கொண்டாடுகிறார்கள். என் தொழிலில் இதற்கு ஹாட்ஃபிக்ஸ் என்று பெயர். அதை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை.

லியோ செய்தது ஒரு வேலைக்கருவி. மரபான கிட்டாரில் நெக்கைப் பாடியோடு பசை போட்டு ஒட்டுவார்கள். அவர் நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். நெக் பழுதானால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிக்கொள்ளலாம். ரேடியோ ரிப்பேர்காரரின் மூளை அப்படித்தான் யோசிக்கும். கழற்றி மாட்டுவதற்காகச் செய்த ஒரு சாமான், கைபடக்கூடாத புராதனப் பொருளாக எப்போது மாறியது? இந்தக் கேள்வி எனக்கு வெறும் வரலாற்று ஆர்வம் மட்டுமல்ல. வீட்டுச் சுவரில் நான்கு கிட்டார் மாட்டியிருப்பவன் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நான் மேடை ஏறுபவன் அல்ல. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் லேப்டாப்பை மூடிவிட்டு ஒரு மணி நேரம் வாசிக்கிற ஆள். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தானடா வாசிக்க முடியும்? அப்புறம் எதுக்கு நாலு?" என்று அலுவலக நண்பன் கேட்டான். இந்த வியாதிக்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது. ஸ்டீலி டான் குழுவின் வால்டர் பெக்கர் 1990-களில் ஒரு கிட்டார் பத்திரிகையில் கிண்டலாக எழுதியதிலிருந்து பரவியது: 'கிட்டார் அக்விசிஷன் சிண்ட்ரோம்', சுருக்கமாக 'கேஸ்'. வாங்கிக் குவிக்கும் ஆசை எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் புதியதை விட்டுவிட்டுப் பழையதைத் தேடும் ஆசைக்கு ஒரு பிறந்த தேதி இருக்கிறது.

*

1958 முதல் 1960 வரை கிப்சன் நிறுவனம் தன் லெஸ் பால் கிட்டாருக்குச் சூரியாஸ்தமன நிறம் பூசி விற்றது. சரியாகப் போகவில்லை. மொத்தமாகவே இரண்டாயிரத்துக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். பிறகு அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டு, இரட்டைக் கொம்பு வைத்த வேறொரு வடிவத்துக்குப் போய்விட்டார்கள். தோற்றுப்போன பொருள், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் எரிக் கிளாப்டன் அப்படி ஒரு பழைய லெஸ் பாலை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் சொருகி, ஒலியை உச்சத்துக்கு ஏற்றி வாசித்தார். ஜான் மயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவோடு அவர் வாசித்த இசைத்தட்டு 1966-இல் வந்தது. அமெரிக்காவில் மைக் புளூம்ஃபீல்ட் அதே ரகக் கிட்டாரைக் கையில் எடுத்தார். அந்தச் சத்தம் வேண்டும் என்று அலைந்த இளைஞர்களுக்குக் கடையில் அந்தக் கிட்டார் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்று ஐந்தாறு வருடம் ஆகிவிட்டது. அடகுக் கடைகளிலும் கட்டிலுக்கு அடியிலும் தேட ஆரம்பித்தார்கள். 1968-இல் கிப்சனே மறுபடியும் லெஸ் பாலைத் தயாரிக்கத் தொடங்கியது.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1965 ஜனவரியில் லியோ தன் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்குப் பிறகு வந்த ஃபெண்டர்களில் தரம் சரிந்தது என்பது வாசிப்பவர்களின் பரவலான தீர்ப்பு. 'சிபிஎஸ்ஸுக்கு முந்தியது' என்ற சொற்றொடர் ஒரு தர முத்திரையாகவே ஆனது. அதாவது 'பழசுதான் நல்லது' என்ற நம்பிக்கை வெறும் ஏக்கத்தில் பிறக்கவில்லை. 1970 வாக்கில் ஒரு வாசிப்பாளருக்கு அது நியாயமான கொள்முதல் முடிவு. அதே 1970-இல் ஜார்ஜ் க்ரூன் நாஷ்வில்லில் பழைய கிட்டார்களுக்கான கடையைத் திறந்தார்.

அந்த ஆண்டில்தான் கிளாப்டனும் நாஷ்வில்லில் ஒரு கடைக்குள் நுழைந்து, யாரும் சீந்தாத 1950-களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறை அள்ளினார். ஒவ்வொன்றும் சுமார் நூறு டாலர். ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மிச்சம் மூன்றையும் கழற்றி, நல்ல பாகங்களை ஒன்றாக முடுக்கி ஒரே கிட்டார் ஆக்கினார். அதுதான் 'பிளாக்கி'. லியோவின் நான்கு திருகாணி இல்லையென்றால் பிளாக்கி இல்லை. 2004-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது.

சேகரிப்பாளர் உலகத்தின் முதல் விதி: எல்லாப் பாகமும் பிறந்தபோது இருந்தபடியே இருக்க வேண்டும், ஒரு திருகாணி மாறினாலும் விலை விழும். அந்த விதிப்படி பிளாக்கி வெறும் ஒட்டுப்போட்ட சாமான். ஆனால் அதற்குத்தான் அவ்வளவு விலை. வாசித்த கை யாருடையது என்று தெரிந்துவிட்டால் விதி கழன்றுவிடுகிறது. 2020-இல் கர்ட் கோபேனின் மார்ட்டின் டி-18இ கிட்டார் 60 லட்சம் டாலரைத் தாண்டியதும் அந்தக் கணக்கில்தான்.

*

என் சுவரில் இருக்கும் எலெக்ட்ரிக் ஒன்று ஜப்பானில் செய்தது, 1970-களின் பிற்பகுதி, லெஸ் பால் நகல். செகண்ட் ஹேண்டில் விற்றவர் "லாசூட் கிட்டார் சார் இது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். இந்த வார்த்தையைச் சொன்னால் விலை ஏறும். நடந்தது இதுதான்: 1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்ஜர் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. சண்டை கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பற்றியது. ஐபனெஸ் வடிவத்தை மாற்றிக்கொண்டது, சமரசமாக முடிந்தது. அந்தக் காலத்து ஜப்பான் நகல்கள் எல்லாமே வழக்கில் சிக்கியவை என்பது வியாபாரிகள் கட்டிய கதை.

ஆனால் கதைக்குப் பின்னால் ஓர் உண்மையும் இருந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் சறுக்கிய அதே வருடங்களில் ஜப்பானியர்கள் பழைய கிட்டார்களைக் கழற்றிப் பார்த்து, அளந்து, கவனமாகச் செய்தார்கள். 1982-இல் ஃபெண்டரே ஜப்பானில் தன் பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. நான் அதை வாங்கியது கதைக்காக இல்லை, நெக் கைக்குப் பொருந்தியது.

*

இனி மரத்துக்கு வருவோம். என்னிடம் உள்ள விலை கூடிய அக்கூஸ்டிக்கின் முதுகும் பக்கங்களும் இந்தியன் ரோஸ்வுட். கடைக்காரர் அப்படித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்த அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஈட்டி மரம்டா" என்றார். தோதகத்தி என்றும் சொல்வோம். தாத்தா காலத்துக் கட்டிலும் அதே மரம்தான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த மரம் அமெரிக்கக் கிட்டாருக்குள் போன கதை பிரேசிலில் தொடங்குகிறது. சி.எஃப்.மார்ட்டின் ஜெர்மனியின் சாக்சனியில் பிறந்தவர். அங்கே வயலின் செய்பவர்களின் சங்கத்துக்கும் கிட்டார் செய்த தச்சர்களின் சங்கத்துக்கும் யார் கிட்டார் செய்யலாம் என்று நீண்ட தகராறு. 1833-இல் அவர் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். அவர் தொடங்கிய நிறுவனம் பல தலைமுறைகளாகத் தன் உயர்தரக் கிட்டார்களுக்குப் பிரேசில் ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. 1960-களில் பிரேசில் மரமாக ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தியதும் சரக்கு தட்டுப்பட, 1969-இல் மார்ட்டின் ஈட்டிக்கு மாறியது. அந்த ஒரு வருடக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து இன்றும் விலை பல மடங்கு மாறுகிறது.

அடுத்தது ஈட்டியின் முறை. 1994-இல் தமிழ்நாடு அரசு ஈட்டி மரங்களுக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 2011-இல் அமெரிக்க அரசு கிப்சன் தொழிற்சாலைகளைச் சோதனையிட்டது. காரணங்களில் ஒன்று, இந்தியாவிலிருந்து வந்த மரத்துண்டுகள் ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்ட முடிந்த பொருளா, தடைசெய்யப்பட்ட அறுத்த மரமா என்ற கேள்வி. 2017 ஜனவரியில் ஈட்டி உட்பட அந்தப் பேரினத்தின் மரங்கள் அனைத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. வியாபாரத்துக்காக எல்லை தாண்டும் ரோஸ்வுட் கிட்டார்களுக்குக் காகிதம் தேவைப்பட்டது. மெக்சிகோவில் செய்த ஃபெண்டர்களில் ஃப்ரெட்போர்டு பாவ் ஃபெர்ரோ மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் முடிந்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. மரத்துக்குக் கிடைக்கவில்லை.

இத்தனை பாடும் சத்தத்துக்காகத்தானே? 2018-இல் லேன்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரத்தில் செய்த ஆறு கிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட், ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 வாசிப்பாளர்கள் கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்தார்கள். விலைமதிப்பற்ற மரத்துக்கும் சாதாரண மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணால் பார்க்காமல் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்வதும் கஷ்டமாக இருந்தது.

படித்தவுடன் எனக்குக் கொஞ்சம் வலித்தது, உண்மைதான். அப்பா தடவிய மரம் பொய்யாகிவிட்டதா? இல்லை. நான் காதுக்கென்று நினைத்துக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி ஞாபகத்துக்குப் போயிருக்கிறது, அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்த ஞாபகத்துக்காக இன்னொரு ஈட்டி விழ வேண்டும் என்று இனிக் கேட்க முடியாது. நின்ற மரம் வளர ஒரு மனித ஆயுள் வேண்டும். அடுத்த அக்கூஸ்டிக் வாங்கினால் அது பழையதாகவோ வேறு மரமாகவோ இருக்கும். கேஸ் வியாதிக்கு நான் கண்ட ஒரே மருந்து இந்த மாதிரி வரலாறுதான். ஒரு கிட்டாரின் வருடம், மரம், ஊர் தெரிந்தபின் அதை எடுத்து வாசிக்கத்தான் தோன்றுகிறது, கார்ட்டில் போடத் தோன்றுவதில்லை.

2019-இல் டேவிட் கில்மோர் தன் சேகரிப்பில் 120-க்கு மேற்பட்ட கிட்டார்களை ஏலம் விட்டார். 2.15 கோடி டாலர் வந்தது. முழுவதையும் சுற்றுச்சூழலுக்காகச் சட்டப் போராட்டம் நடத்தும் கிளையன்ட்எர்த் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். மரத்தில் விளைந்த பணம் போக அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

நாலாவது கிட்டார் கல்லூரி விடுதியில் வாங்கிய கொல்கத்தா தயாரிப்பு. பிளைவுட் பாடி, தந்தி கொஞ்சம் உயரம், ஏலத்தில் பத்து ரூபாய்க்குப் போகாது. போன மாதம் அக்கா மகள் வந்தபோது மற்ற மூன்றையும் விட்டுவிட்டு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மாமா, இதை நான் எடுத்துட்டுப் போகவா?" புதுத் தந்தி மாட்டி, ஸ்ருதி கூட்டிக் கொடுத்தேன். இப்போது சுவரில் மூன்றுதான்.