எண்களுக்கு முகம் வைத்தவர்கள்: சிமுலேஷனும் முப்பரிமாணப் பிம்பமும்

1

‘சிமுலேஷன் இப்படித்தான் காட்டுது’ என்பது இன்று பலர் வாயிலும் சாதாரணமாக வந்துவிட்ட வாக்கியம். பொறியியல் மாணவர் சொல்கிறார், வானிலை பேசுகிறவர் சொல்கிறார், மருத்துவரும் சொல்கிறார். இந்த வாக்கியத்தின் எழுவாயைக் கொஞ்சம் நிறுத்திவைத்து விசாரிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சிமுலேஷன் எதையும் காட்டுவதில்லை. எண்களைத் தருகிறது, அவ்வளவுதான்.

ஒரு கனசதுர வெளியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் நூறு நூறாகப் பிரித்தால் 10 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் அழுத்தம், வெப்பம், மூன்று திசைகளில் வேகம் என ஐந்து எண்கள் என்றால் 50 லட்சம். இது ஒரே ஒரு கணத்துக்கு. ஆயிரம் கணங்களுக்குக் கணக்கிட்டால் 500 கோடி எண்கள். கோப்பில் கிடக்கும் இந்தக் குவியலுக்கு நிறம் கிடையாது. இங்கிருந்துதான் பார்க்க வேண்டும் என்ற இடமும் கிடையாது. இதற்கும் திரையில் சுழலும் வண்ணப் பிம்பத்துக்கும் நடுவே பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. எங்கே நின்று பார்ப்பது, எந்த மதிப்பில் வெட்டுவது, எந்த எண்ணுக்கு எந்த நிறம், எதை விட்டுவிடுவது. இவற்றை எடுத்தவர்கள் யார், எப்போது இவை கண்ணிலிருந்து மறைந்தன என்பதே என் கேள்வி.

பிம்பம் பற்றியும் அதிகாரம் பற்றியும் தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் நடந்த விவாதங்களில் அறிவியல் குறித்து இரண்டு குரல்கள் கேட்டன. அறிவியல் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்றது ஒரு குரல். அதுவும் இன்னொரு கதையாடல்தான், வேறென்ன என்றது மற்றது. இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதை ஒரு கருந்துளைப் படத்தின் வரலாற்றை வைத்துச் சொல்லிப்பார்க்கிறேன்.

2

1978-79 வாக்கில், பாரிசுக்கு அருகே மெதோன் வானாய்வகத்தில் ழான்-பியர் லூமினே என்ற இளம் ஆய்வாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். சுற்றிலும் ஒளிரும் வாயுத்தட்டு கொண்ட ஒரு கருந்துளையைத் தொலைவில் நின்று பார்த்தால் அது எப்படித் தெரியும்?

சனிக்கோளின் வளையம் கோளுக்குப் பின்னால் போகிற இடத்தில் மறைந்துவிடும். கருந்துளையில் அப்படியில்லை. பின்பக்கத்து வாயுவிலிருந்து கிளம்பும் ஒளி ஈர்ப்பால் வளைந்து, மேலாகச் சுற்றி நம்மிடம் வந்துசேர்கிறது. ஆகவே தட்டின் பின்பாகம் தொப்பியின் விளிம்பு மாதிரி எழும்பி நிற்பதாகத் தெரியும். தட்டின் அடிப்பக்கம்கூடக் கீழே மெல்லிய கீற்றாகத் தெரியும். இதோடு இன்னொன்று: வாயு அசுர வேகத்தில் சுற்றுவதால், நம்மை நோக்கி வரும் பக்கம் பிரகாசமாகவும் விலகிப்போகும் பக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டும்.

லூமினேயிடம் இருந்தது ஐபிஎம் 7040. துளையட்டைகளை ஊட்டி இயக்கும் டிரான்சிஸ்டர் காலத்து இயந்திரம். அது எண்களைத் தந்தது, படத்தைத் தரவில்லை. எனவே அவர் சம ஒளிர்வுக் கோடுகளைத் தானே வரைந்துகொண்டார். பிறகு நெகடிவ் காகிதத்தில் இந்தியன் இங்க்கைத் தொட்டு, கையால் புள்ளி புள்ளியாக வைக்கத் தொடங்கினார். கணக்கு எங்கே அதிக ஒளி என்றதோ அங்கே நெருக்கமாக, குறைவு என்ற இடத்தில் விலக்கி. அதன் மறுபிம்பத்தை எடுத்தபோது கரும்புள்ளிகள் ஒளியாயின, வெள்ளைக் காகிதம் இருண்ட வானமாயிற்று. 1979-இல் வெளியான அந்தப் படம்தான், வாயுத்தட்டோடு கூடிய கருந்துளைக்குக் கணக்கிலிருந்து வரையப்பட்ட முதல் படம்.

‘அப்போ அது கை ஓவியம்தானே?’ என்று ஒரு நண்பர் கேட்டார். லூமினே கவிதை எழுதுகிறவர், படம் வரைகிறவர் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் புள்ளிகள் கவிஞனின் விருப்பத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு இடத்தின் அடர்த்தியும் ஓர் எண்ணுக்குக் கட்டுப்பட்டது. அதே எண்களையும் அதே விதியையும் வேறொருவரிடம் கொடுத்தால், புள்ளிகள் இடம் மாறலாம், படம் மாறாது. அதே சமயம் இது புகைப்படமும் அல்ல. பார்வையாளர் தட்டின் தளத்துக்கு 10 டிகிரி மேலே நிற்கிறார் என்பது லூமினே எடுத்த முடிவு. நேர் மேலே நிறுத்தியிருந்தால் வட்ட வளையம்தான் கிடைத்திருக்கும், அந்தத் தொப்பி விளிம்பு தெரிந்திருக்காது. எல்லா அலைநீளங்களையும் கூட்டி ஒரே ஒளிர்வாகக் கொண்டதும் அவர் முடிவு. இந்த முடிவுகள் கட்டுரையிலேயே சொல்லப்பட்டவை. அதுதான் எனக்கு முக்கியம்.

எங்கும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்ப்பதாகப் பாவிக்கும் பார்வையைக் கடவுளின் வித்தை என்று 1988-இல் டோனா ஹாராவே கேலி செய்தார். லூமினேயின் படம் அந்த வித்தையைச் செய்யவில்லை. தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டுப் பார்க்கிறது.

3

அடுத்த பத்தாண்டில் கை காணாமல் போயிற்று. 1987-இல் மக்கார்மிக், டிஃபான்டி, பிரவுன் மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்காக ஓர் அறிக்கை தந்தார்கள். மீக்கணினிகள் கொட்டும் எண்களை மனிதர் படித்து முடிக்க முடியாது, காட்சியாக்கத்தைத் தனித் துறையாகவே வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தின் லாரன்சன், க்ளைன் இருவரும் ‘மார்ச்சிங் க்யூப்ஸ்’ வழிமுறையை வெளியிட்டார்கள்.

அதன் வேலை எளிது. ஒரு மதிப்பைத் தேர்ந்துகொள்கிறோம். ஒவ்வொரு கனசதுரக் கட்டத்துக்கும் எட்டு மூலைகள். ஒவ்வொரு மூலையும் அந்த மதிப்புக்கு மேலா, கீழா என்று பார்க்கிறோம். 256 சாத்தியங்கள். சமச்சீரைக் கொண்டு அவற்றை 15 வடிவங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் முக்கோணங்களை முன்கூட்டியே அட்டவணையில் வைத்துவிட்டார்கள். கட்டம் கட்டமாக நடந்து முக்கோணங்களை அடுக்கினால் வழவழப்பான முப்பரிமாணப் பரப்பு ஒன்று திரையில் எழும்.

இந்தப் பரப்பு ஏற்கெனவே அங்கே இருந்ததா? எலும்புக்கும் தசைக்கும் நடுவே எல்லை உண்டு, ஒப்புக்கொள்ளலாம். புகை மண்டலத்துக்கு ஏது எல்லை? அங்கே பரப்பை உண்டாக்குவது நாம் தேர்ந்த மதிப்புதான். அதைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரே மேகம் இரண்டாகப் பிரியலாம், நடுவில் ஓட்டை விழலாம். அட்டவணையின் சில வடிவங்களே ஒன்றோடொன்று பொருந்தாமல் பரப்பில் ஓட்டை விடுகின்றன என்பது 1988-இலேயே சுட்டிக்காட்டப்பட்டது. அதாவது படத்தில் தெரியும் ஓட்டை புகையுடையதாகவும் இருக்கலாம், அட்டவணையுடையதாகவும் இருக்கலாம்.

லூமினே ஒவ்வொரு புள்ளியையும் வைத்தபோது தான் ஒன்றைச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியும். இப்போது பொத்தானை அழுத்துகிறவருக்கு அப்படித் தோன்றுவதில்லை. முடிவுகள் ஒழிந்துவிடவில்லை, மென்பொருளின் ‘டிஃபால்ட்’ என்ற பெயரில் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன.

4

நிறத்தின் கதையைப் பாருங்கள். நீலத்தில் தொடங்கிப் பச்சை, மஞ்சள் வழியே சிவப்பில் முடியும் வானவில் வரிசை பல ஆண்டுகள் இத்துறையின் இயல்புநிலையாக இருந்தது. மஞ்சள் மற்ற நிறங்களைவிட வெளிச்சமாகத் தெரிவதால், எண்களில் இல்லாத விளிம்பு ஒன்று படத்தில் முளைக்கிறது. பச்சைக்குள் மட்டும் நடக்கும் மாற்றமோ கண்ணில் படாமல் கரைந்துபோகிறது. போர்லண்டும் டெய்லரும் 2007-இல் இதைக் கண்டித்து எழுதியபோது, இது இன்னமும் நடக்கிறதே என்ற அலுப்புத் தொனியில்தான் எழுதினார்கள். மேட்லேப் மென்பொருள் தன் இயல்பு வண்ணவரிசையை மாற்றிக்கொண்டது 2014-இல்.

‘கலர்தானே, அதுல என்ன வந்துடப்போகுது?’ என்று கேட்கலாம். ஹார்வர்டில் மிஷெல் போர்கின் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. இதயத் தமனிகளில் ரத்த ஓட்டத்தை சிமுலேஷன் செய்து, தமனிச் சுவரில் உராய்வு அழுத்தம் குறைவாக உள்ள இடங்களைக் கணக்கிடுகிறார்கள். நோய் வளரக்கூடிய இடங்கள் அவை. முப்பரிமாணத் தமனியாக, வானவில் நிறத்தில் காட்டியபோது, மருத்துவ மாணவர்கள் அந்த இடங்களில் 39 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். தமனியைத் தட்டையாக விரித்து, இரண்டு நிறங்களுக்கு இடையே விரியும் எளிய வரிசையில் காட்டியபோது 91 சதவீதம். எண்கள் மாறவில்லை. மாறியது நிறமும் வடிவமும்தான்.

எல்லாம் கதையாடல் என்கிற நண்பர்களும் இங்கே நிற்க வேண்டும். இரண்டும் சமமான இரண்டு கதைகள் என்றால், தப்பிப்போன அந்த 61 சதவீத இடங்களை எந்தக் கணக்கில் வைப்பது? அந்த இடம் ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

5

மறுபடி கருந்துளைக்கு வருவோம். 2014-இல் ‘இன்டர்ஸ்டெல்லர்’ திரைப்படத்துக்காக இயற்பியலாளர் கிப் தோர்ன் சமன்பாடுகள் தர, ஒரு வரைகலை நிறுவனம் புதிய நிரல் எழுதிக் கருந்துளையை உருவாக்கியது. லூமினேயின் தொப்பி விளிம்பு அதிலும் இருந்தது. ஒரு பக்கம் ஒளிர்ந்து மறுபக்கம் மங்குவது மட்டும் இல்லை. பார்வையாளர் குழம்பிப்போவார்கள் என்பதால் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அந்த விளைவை விடச் செய்தார். மறைத்துச் செய்த காரியம் அல்ல இது. 2015-இல் தோர்னும் வரைகலைக் குழுவினரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, விடப்பட்டது என்ன என்று விளக்கி, அதைச் சேர்த்த படத்தையும் தந்தது. ஆனால் கட்டுரையைப் படித்தவர் எத்தனை பேர், திரையில் பார்த்தவர் எத்தனை பேர்?

2019 ஏப்ரல் 10 அன்று நிகழ்வெல்லைத் தொலைநோக்கிக் குழு எம்87 விண்மீன் மண்டலத்தின் மையக் கருந்துளைப் படத்தை வெளியிட்டது. இது சிமுலேஷன் அல்ல, அவதானம். ஆனாலும் 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைக்கு ஆரஞ்சு நிறம் கிடையாது. அது குழு கொடுத்த நிறம். குறைபட்ட தரவிலிருந்து படத்தை மீட்பதில் தங்கள் எதிர்பார்ப்பே படமாகிவிடக் கூடாது என்று, நான்கு அணிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் தனித்தனியே வேலை செய்தன. நான்குக்கும் வளையம் கிடைத்தது. பிறகு அவதானிப்பை சிமுலேஷனில் உருவாக்கிய 60,000-க்கும் மேற்பட்ட படங்களோடு ஒப்பிட்டார்கள். வளையத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடப் பிரகாசமாக இருந்தது. நம்மை நோக்கி வரும் பொருள் கூடுதலாக ஒளிரும் என்ற அதே விதி இங்கும் வேலை செய்திருந்தது.

6

புயல் நெருங்கும் நாட்களில் நம் வீட்டுத் திரைகளிலும் வானிலை மாதிரிகளின் வண்ணப்படங்கள் வருகின்றன. ‘இங்க சிவப்பா இருக்கு பாருங்க’ என்று சொல்லக் கேட்கிறோம். சிவப்பு எத்தனை மில்லிமீட்டரில் தொடங்குகிறது, எந்த நேரத்துக்கான கணக்கு, மாதிரியின் ஒரு கட்டம் எத்தனை கிலோமீட்டர் என்ற விவரம் பெரும்பாலும் கூட வருவதில்லை. அந்தப் படத்தை நம்பிக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவருக்கு இவை நுணுக்கச் சங்கதிகள் அல்ல.

இதற்காகப் படத்தை நம்பாதே என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மதிப்பில் வெட்டினாய், எந்த நிறம் எந்த எண், எங்கே நின்று பார்த்தாய், எதை விட்டாய் என்று ஒவ்வொரு பிம்பத்திடமும் கேட்கலாம்; கேட்டால் பதில் இருக்க வேண்டும். படத்தோடு எண்களும் திறந்து கிடந்தால், இன்னொருவர் வேறு விதமாக வரைந்து சரிபார்க்க முடியும். 1979-இல் மசிப்புள்ளிகளால் ஒரு கருந்துளையை வரைந்தவர் இத்தனைக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் வரைந்தார். அவரைவிட எத்தனையோ மடங்கு வலிய இயந்திரங்களை வைத்திருப்பவர்களிடம் அதைவிடக் குறைவாகக் கேட்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.